டிஸ்க் போகவில்லை, முறைதான் மாறிப்போயிருக்கிறது

ஐப்பசி அடைமழையில் ஒருவர் என் கடைக்கு வந்தார். வேதாரண்யம் பக்கத்துக் கிராமம். எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கம் சிபியு, அதைச் சுற்றி யூரியா சாக்கு, அதற்கு மேலே தார்ப்பாய்த் துண்டு. திருத்துறைப்பூண்டியில் நான் வைத்திருப்பது சின்ன ரிப்பேர் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். சாக்கைப் பிரித்துக்கொண்டே, “தம்பி, டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. புதுசு மாட்டணுமாம். உரக்கடைக் கணக்கு பூரா இதுலதான் கெடக்கு, நீங்க ஒரு தடவ பாத்துடுங்க” என்றார்.

மாட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் முதலில் ‘ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4’ என்று ஒரு வரி. கொஞ்ச நேரம் எதையோ தேடிவிட்டு, ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று நின்றுவிட்டது.

இந்த இரண்டாவது வரியைத்தான் பலரும் ‘டிஸ்க் போச்சு’ என்று படிக்கிறார்கள். அப்படி ஒன்றும் அதில் எழுதியிருக்கவில்லை. ‘நான் கூப்பிட்டவர்கள் யாரிடமும் ஓஎஸ் இல்லை, சரியான ஆளைக் காட்டு’ என்பதுதான் அதன் பொருள். ஓஎஸ் என்பது விண்டோஸ் மாதிரி மெஷினை நடத்தும் மென்பொருள். டிஸ்க் செத்திருந்தாலும் இதே வரி வரும், அது உண்மை. ஆனால் டிஸ்க் நன்றாக இருந்து, கூப்பிடும் வரிசை மட்டும் குழம்பியிருந்தாலும் இதே வரிதான். எது என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும்: மதர்போர்டின் செட்டிங்ஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயரும் அளவும் அங்கே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தது. 500 ஜிபி, கம்பெனிப் பெயர், மாடல் நம்பர் எல்லாம் இருந்தன. திரையின் மூலையில் தேதி ஜனவரி 1, 2016 என்று காட்டியது. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

மீதியைச் சொல்வதற்கு முன்னால், ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கரண்ட் வந்த அந்த நொடியில் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிஸ்க் என்று ஒன்று இருப்பதும் தெரியாது. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சிப்பில் எழுதிவைத்திருப்பதை மட்டும் ப்ராசஸர் படிக்கத் தொடங்கும். அந்த எழுத்துக்குத்தான் பழைய பெயர் பயாஸ், புதிய பெயர் யுஇஎஃப்ஐ. அது முதலில் ராம் இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். அப்புறம் கையில் இருக்கும் ஒரு பட்டியலை எடுத்து, வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிடும்: டிஸ்க், பென் டிரைவ், டிவிடி, நெட்வொர்க். அந்தப் பட்டியல்தான் பூட் ஆர்டர்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ‘முறை’ என்ற ஒரு சொல் போதும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைப்பார்கள். யாருக்கு முதல் முறை என்பது மதகைத் திறப்பவர் கையில் இருக்கிறது. தண்ணீரின் கையில் இல்லை. பூட் ஆர்டரும் அதுதான். உவமை அதோடு சரி, மேலே இழுத்தால் அறுந்துவிடும். ஆற்றில் முதல் முறைக்காரருக்குப் பாய்ந்த பிறகு அடுத்தவருக்கும் வரும் (கடைமடைக்கு வந்து சேருமா என்பது வேறு கதை, அதை எங்களிடம் கேட்காதீர்கள்). கம்ப்யூட்டரில் ‘என்னிடம் இருக்கிறது’ என்று முதலில் சொன்னவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிவிடும். அடுத்தவரைக் கூப்பிடுவதே இல்லை.

முதல் ஆள் எப்படி ‘இருக்கிறது’ என்று சொல்கிறார்? இங்கேதான் பழையதும் புதியதும் பிரிகின்றன. இணையத்திலும் யூட்யூபிலும் கிடைக்கும் பாதி யோசனைகள் இன்றைய மெஷினில் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

பழைய முறை ரொம்ப எளிமையானது. டிஸ்க்கில் செக்டார் என்னும் சின்னத் துண்டுகளில் முதலாவதைப் படிக்க வேண்டும். அது மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் ஒரு குட்டி ப்ரோக்ராம், 64 பைட் பார்ட்டிஷன் கணக்கு (டிஸ்க்கை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறது என்பது), கடைசி 2 பைட் ஒரு முத்திரை. முத்திரை சரியாக இருந்தால் பயாஸ் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் அந்த 446 பைட்டை ஓடவிட்டுவிடும். அதில் இருப்பது விண்டோஸைத் தேடும் ப்ரோக்ராமா, வைரஸா என்றெல்லாம் அது பார்க்காது. ஐபிஎம் 1981-ல் பிசியைக் கொண்டுவந்த நாளிலிருந்து வந்த பழக்கம் இது. 1983-ல் ஹார்ட் டிஸ்க் சேர்ந்தபோது பார்ட்டிஷன் கணக்கும் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் பட்டியலில் ஃப்ளாப்பிதான் முதல் ஆள். அதனால் முந்தின நாள் மறந்து விட்டுவைத்த ஃப்ளாப்பியோடு மெஷினைப் போட்டால் ‘நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்’ என்று நிற்கும். நின்றால் பரவாயில்லை. அந்த ஃப்ளாப்பியின் முதல் செக்டாரில் வைரஸ் இருந்தால் அது சத்தமில்லாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறிவிடும். லாகூரிலிருந்து 1986-ல் கிளம்பிய ‘பிரெய்ன்’ ஃப்ளாப்பியின் பூட் செக்டாரில்தான் குடியிருந்தது. 1992 மார்ச் 6-ஆம் தேதியைச் சொல்லி உலகத்தையே பயமுறுத்திய ‘மைக்கேலாஞ்சலோ’வும் இதே வழியில்தான் பரவியது. பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கை முதலில் வை, ஃப்ளாப்பியைக் கீழே தள்ளு என்று பெரியவர்கள் அப்போது சொன்னது இதனால்தான். இன்றைக்கு ஃப்ளாப்பி இருந்த இடத்தில் பென் டிரைவ். ஜெராக்ஸ் கடைகளில் பார்க்கலாம்: ப்ரிண்ட் எடுக்க வந்தவர் செருகிவிட்டுப் போன பென் டிரைவ் அப்படியே இருக்கும், காலையில் மெஷின் கிளம்பாது, கடைக்காரர் எனக்கு போன் போடுவார். “பின்னாடி ஏதாவது செருகியிருக்காண்ணே?” என்று கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

புதிய முறையான யுஇஎஃப்ஐயில் செக்டார் என்ற பேச்சு இல்லை. இன்டெல் தன் இட்டேனியம் ப்ராசஸருக்காக உருவாக்கியதிலிருந்து வந்தது இது. 2005-லிருந்து பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு அமைப்பு இதைக் கவனிக்கிறது. இதில் டிஸ்க்கில் ஒரு சின்னத் தனிப் பார்ட்டிஷன் இருக்கும், ஃபேட் வகையில் ஃபார்மட் ஆகியிருக்கும். ஓஎஸ்ஸைக் கிளப்பும் ப்ரோக்ராம் அதற்குள் ஒரு சாதாரண ஃபைலாக இருக்கும். எந்தப் பார்ட்டிஷனில் எந்த ஃபைல் என்ற விலாசத்தை மதர்போர்டு தன் நினைவில் எழுதிவைத்துக்கொள்ளும். அதனால்தான் புது லேப்டாப்பில் பூட் பட்டியலைத் திறந்தால் டிஸ்க்கின் பெயருக்குப் பதிலாக ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று இருக்கிறது. பழைய பட்டியல் ‘எந்தச் சாமான்’ என்று சொன்னது. புதிய பட்டியல் ‘எந்த வீட்டில் யார்’ என்று பெயர் சொல்கிறது.

இந்த வித்தியாசத்திலிருந்து பல குழப்பங்கள் கிளைக்கின்றன. விலாசம் போர்டில் இருப்பதால், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் அந்த மெஷினுக்கு விலாசம் தெரியாது. அதற்காகவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொது இடத்தை வைத்திருக்கிறார்கள்: ‘இஎஃப்ஐ’ ஃபோல்டர், அதற்குள் ‘பூட்’ ஃபோல்டர், அதற்குள் ‘பூட்எக்ஸ்64’ என்ற ஃபைல். விலாசம் இல்லாதபோது யுஇஎஃப்ஐ அங்கே போய்ப் பார்க்கும். பென் டிரைவிலிருந்து ஓஎஸ் போட முடிவதும் இந்த வழியில்தான். விண்டோஸ் தன் நகல் ஒன்றை அங்கேயும் வைத்துவிடும், அதனால் இடம் மாறிய டிஸ்க்கும் பெரும்பாலும் கிளம்பிவிடும். விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் லினக்ஸ் எல்லாச் சமயமும் வைப்பதில்லை.

இன்னொன்று, ஒரே பென் டிரைவ் பட்டியலில் இரண்டு தடவை வருவது. ஒன்றின் முன்னால் ‘யுஇஎஃப்ஐ’ என்று இருக்கும், இன்னொன்று வெறும் பெயராக இருக்கும். கூப்பிடும் விதம் இரண்டு, ஆள் ஒன்றுதான். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த முறையில்தான் ஓஎஸ் உட்காரும். பழைய முறையில் உட்கார்ந்த விண்டோஸ், புது முறையில் கூப்பிடும் போர்டுக்குக் கண்ணிலேயே படாது. பழைய பார்ட்டிஷன் கணக்கில் சுமார் 2 டிபிக்கு மேல் டிஸ்க்கை ஆள முடியாது என்பதும் புது முறைக்கு ஆட்கள் மாறியதற்கு ஒரு காரணம்.

இப்போது உரக்கடைக்காரரின் சிபியுவுக்கு வருகிறேன்.

போர்டு யுஇஎஃப்ஐ போர்டு. ஆனால் வாங்கின காலத்தில் ஓஎஸ் போட்டவர் பழைய பழக்கத்தில் செட்டிங்ஸை ‘லெகசி’க்கு, அதாவது பழைய பயாஸ் முறைக்கு, மாற்றிவிட்டு விண்டோஸ் 7 போட்டிருக்கிறார். பின்னால் அதன்மேலேயே 10 ஏறியிருக்கிறது. அந்த மாற்றத்தை போர்டு மறக்காத வரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஐப்பசியில் இடிக்குப் பயந்து, பத்து நாளாக ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்களாம். மதர்போர்டில் நாலணாவை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்பார்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். ப்ளக் மாட்டியிருக்கும் வரை, மெஷினை ஆஃப் செய்திருந்தாலும் கடிகாரத்துக்கு வேண்டிய கரண்டை எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை பெட்டியே கொடுத்துவிடும். பிடுங்கிவிட்டால் மொத்தப் பாரமும் பேட்டரி மேல். எட்டு வருஷப் பேட்டரி பத்து நாள் தாங்கவில்லை. கடிகாரம் 2016-க்குப் போய்விட்டது, கூடவே செட்டிங்ஸ் கம்பெனி போட்டுக்கொடுத்த நிலைக்குத் திரும்பிவிட்டது. அந்த நிலையில் லெகசி இல்லை. டிஸ்க் இருக்கிறது, அதிலே விண்டோஸும் இருக்கிறது. கூப்பிடும் குரல் மட்டும் அதற்குக் கேட்கவில்லை. பட்டியலில் மிச்சமிருந்தது நெட்வொர்க் மட்டும்தான், அதைத்தான் முதல் வரியில் கூப்பிட்டது; பிஎக்ஸ்இ என்றால் நெட்வொர்க் வழியாகக் கிளப்புவது. (பழைய மெஷின்களில் இந்த இடத்தில் ‘மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்’ என்று வரும். அதை நம்பி நெட் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு.)

இதை நான் முதன்முதலில் கூட்டமாகப் பார்த்தது கஜாவுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. தென்னை போனது, ஓடு போனது, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. உள் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வந்த பிறகு ஒவ்வொருவராக மெஷினைப் போட்டுப் பார்க்க, நனையாத சிபியுக்களும் கிளம்பவில்லை. தண்ணீர் போயிருக்கும் என்று நானும் முதலில் நினைத்தேன். அங்கேயும் தேதி தவறியிருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால், அதாவது தேதியும் தப்பாக இருந்து டிஸ்க்கும் கிளம்பவில்லை என்றால், நான் முதலில் கைவைப்பது அந்த 30, 40 ரூபாய் பேட்டரியில்தான். சில மெஷின்கள் இந்த நிலையில் கிளம்பிவிடும், ஆனால் நெட்டில் எந்தப் பக்கமும் திறக்காது. பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் சண்டை போடும். அதுவும் தேதி செய்யும் வேலைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செட்டிங்ஸ் பழைய நிலைக்குத் திரும்பும்போது பூட் ஆர்டரோடு ‘சாட்டா மோட்’ என்ற ஒன்றும், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் விதமும், மாறக்கூடும். ஏஹெச்சிஐ என்று இருந்தது ரெய்டு என்று ஆகிவிட்டால், விண்டோஸ் தொடங்கி, பாதியில் நீலத் திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். உடனே ஃபார்மட் அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள். அந்த ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

சரி, உள்ளே போவது எப்படி? மெஷினைப் போட்டவுடன் ஒரு பட்டனை விடாமல் தட்ட வேண்டும், ஆனால் எந்தப் பட்டன் என்பதில் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை கிடையாது. டெல்லில் எஃப்2 செட்டிங்ஸ், எஃப்12 பூட் மெனு. ஹெச்பியில் எஃப்10 செட்டிங்ஸ், எஃப்9 மெனு. எஸ்கேப் தட்டினால் இரண்டையும் காட்டும். ஏசரில் எஃப்12 மெனு உண்டு, ஆனால் பல மாடல்களில் செட்டிங்ஸுக்குள் போய் அதை இயக்கிவைத்தால்தான் வரும். அசெம்பிள் செய்த மெஷின் என்றால் பெரும்பாலும் டெலீட்.

எவ்வளவு தட்டினாலும் உள்ளே போகவில்லை என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் முழுக்க அணைவதில்லை. தன் உட்கருவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கும், எழும்போது அதையே எடுத்துக்கொண்டு ஓடும். போதாததற்கு போர்டும் தன் பங்குக்கு யுஎஸ்பி கீபோர்டைத் தேடுவதைக் கூடத் தள்ளிவைக்கும். தட்டுவதற்கு இடைவெளியே இருக்காது. அதனால் ஷட் டவுனை விட்டுவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள், அது முழுசாக இறங்கி ஏறும். இன்னும் நல்லது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தட்டுவது. நீலத் திரை ஒன்று வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அப்புறம் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். அந்தக் கடைசி வாசகம் அங்கே இல்லவே இல்லை என்றால் உங்கள் விண்டோஸ் லெகசியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவே பெரிய தகவல்.

பென் டிரைவிலிருந்து ஒரு தடவை கிளப்ப வேண்டும் என்பதற்காகப் பட்டியலையே மாற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். எஃப்12 மாதிரி மெனு அதற்காகத்தான் இருக்கிறது. அந்த ஒரு தடவைக்கு மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த முறை பழையபடி போய்விடும். பட்டியலை மாற்றி, மறந்து, பிறகு நாலு மாதம் கழித்து ஏதோ ஒரு பென் டிரைவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

செக்யூர் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-ல் விண்டோஸ் 8-ஓடு பரவலானது இது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, கிளப்பும் ஃபைலில் ஏற்கப்பட்ட கையெழுத்தும் இருக்க வேண்டும் என்பது இதன் சட்டம். மைக்கேலாஞ்சலோ காலத்துப் பாடத்தைத் தாமதமாகப் படித்திருக்கிறார்கள். உபுண்டு போன்றவற்றில் அந்தக் கையெழுத்து இருக்கிறது, ஆகவே லினக்ஸ் போட வேண்டுமென்றால் முதலில் செக்யூர் பூட்டை அணை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தேவையில்லாத வேலை. அதிலும் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், இதை மாற்றியதும் அடுத்த தடவை 48 இலக்கச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள். கேட்ட பிறகு தேடிக் கிடைக்காவிட்டால் நான் உட்பட யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் கேள்விகள் இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கு யுஇஎஃப்ஐ வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, “அண்ணா, இதுல லினக்ஸ் போட்டா ஓடுமா?” என்று கேட்கிறார்கள். அதில் பலதில் விண்டோஸோடு இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்கெனவே சேர்ந்தே வந்தது; கையில் கிடைத்த வாரத்திலேயே அதை அழித்தவர்கள்தான் இப்போது கேட்கிறார்கள்.

உரக்கடைக்காரரின் மெஷினில் பேட்டரியை மாற்றினேன். தேதியைச் சரிசெய்து, லெகசி இயங்க வழிசெய்து, டிஸ்க்கை முதல் இடத்தில் வைத்து, எஃப்10 அடித்துச் சேமித்தேன். விண்டோஸ் வந்தது, கணக்கும் வந்தது. “இத லெகசியிலயே விடலாமா?” என்று கேட்டார். டிஸ்க்கை அழிக்காமலே புது முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்று ஒரு கட்டளை இருக்கிறது, ஆனால் கணக்கை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்காமல் அதைத் தொட மாட்டேன் என்றேன். சம்பா அறுவடை முடிந்து உர வியாபாரம் ஓய்ந்ததும் கொண்டுவருவதாகச் சொன்னார். செட்டிங்ஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் செல்போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன். மழை விடவில்லை. யூரியா சாக்கை உதறி, சிபியுவைத் திரும்பவும் அதே மாதிரி சுற்றினார்.